கொடையும் கூலியும்: கார்னகி நூலகங்கள்

அமெரிக்காவில் ஆண்ட்ரூ கார்னகியின் பணத்தில் எழுந்த பொது நூலகங்கள் 1,679. புதிய கொடைகள் 1917இல் நிறுத்தப்பட்டபோது நான்கு கோடி டாலருக்கு மேல் இதற்குச் சென்றிருந்தது. பெரும்பாலும் எஃகு ஆலைகளில் சேர்ந்த செல்வம். இதைப் பாவப் பரிகாரம் என்று ஒதுக்குவோரும் உண்டு, வள்ளன்மை என்று போற்றுவோரும் உண்டு. கார்னகியின் மனத்தை எடைபோடுவதில் எனக்கு ஆர்வமில்லை. அந்தக் கொடை எப்படி இயங்கியது, யாருக்குப் போய்ச் சேர்ந்தது என்பதைப் பார்க்க வேண்டும்.

முதலில் அதன் வலிமை. கார்னகி கொடுத்தது கட்டடச் செலவு மட்டுமே. இடத்தை ஊர் தர வேண்டும். கொடைத்தொகையில் பத்தில் ஒரு பங்கை ஆண்டுதோறும் ஊரே ஒதுக்க வேண்டும். 10,000 டாலர் வாங்கிய ஊர் ஆண்டுக்கு 1,000 டாலர் தர உறுதியளித்தாக வேண்டும். கார்னகியின் செயலாளர் ஜேம்ஸ் பெர்ட்ராம் இதில் கறாராக இருந்தார். இந்த நிபந்தனைதான் கொடையைவிடப் பெரிதாக எனக்குத் தெரிகிறது. அதுவரை சந்தா கட்டியவர்களுக்கே நூல்கள் கிடைத்த பல சிற்றூர்களில், நூலகம் நடத்துவது வரிப்பணத்தில் செய்யவேண்டிய ஊர்க்கடமை என்றாயிற்று. கொடையாளியின் காலத்துக்குப் பிறகும் நூலகங்கள் நிலைத்ததற்கு அதுவே காரணம். சில ஊர்கள் வாக்குத் தவறின என்பதும் உண்மை. கட்டடம் நின்றது, உள்ளே நல்ல நூல்களும் பயிற்சி பெற்ற நூலகரும் இல்லை. கார்னகி நிறுவனத்துக்காக ஆல்வின் ஜான்சன் நேரில் சுற்றிப் பார்த்து எழுதிய அறிக்கையும் இந்தக் குறையைத்தான் சுட்டியது.

ஆனால் பெரிய குறை வேறிடத்தில் இருக்கிறது. 1892இல் பிட்ஸ்பர்க் அருகே கார்னகியின் ஹோம்ஸ்டெட் ஆலையில் கூலிக் குறைப்பை எதிர்த்துத் தொழிலாளர் நின்றார்கள். கார்னகி அப்போது ஸ்காட்லாந்தில் இருந்தார். மேலாளர் ஹென்றி ஃபிரிக், ஆலையைக் கைப்பற்ற பிங்கர்டன் நிறுவனத்தின் ஆயுதக் காவலர் 300 பேரைப் படகுகளில் இறக்க முயன்றார். ஜூலை 6 அன்று நடந்த மோதலில் இரு தரப்பிலும் உயிர்கள் போயின. பின்னர் மாநிலப் படை வந்தது, தொழிற்சங்கம் நொறுங்கியது. ஆறு ஆண்டுகள் கழித்து, 1898இல், அதே ஊருக்குக் கார்னகி நூலகம் வந்தது. நீச்சல் குளமும் இசை அரங்கமும் கொண்ட அழகான கட்டடம்.

அதற்குள் போக யாருக்கு நேரம் இருந்தது? ஆலையில் 12 மணி நேர வேலை சாதாரணம். பகல் முறையும் இரவு முறையும் மாறும்போது, ஒரே மூச்சில் 24 மணி நேரம் நிற்க வேண்டிய நாளும் உண்டு. அங்குள்ள குடும்பங்களின் வரவுசெலவை ஆராய்ந்து மார்கரெட் பயிங்டன் 1910இல் வெளியிட்ட நூல், வாடகைக்கும் சாப்பாட்டுக்குமே கூலி கரைந்ததைக் காட்டுகிறது. உலைமுன் நின்று திரும்பியவர் புத்தகத்தைத் தொடவில்லை என்று யாரும் குறைசொல்ல முடியாது.

இது தற்செயல் முரண் அல்ல. 1889இல் எழுதிய கட்டுரையிலேயே கார்னகி தம் கொள்கையைச் சொல்லிவிட்டார்: மிகைச் செல்வத்தைச் சிறு தொகைகளாகப் பலருக்குப் பங்கிட்டால் வீணாகும், திறமையுள்ள ஒருவர் கையில் இருந்து பொதுப்பணிக்குச் செல்வதே மேல். வாரிசுச் சொத்துக்குக் கடும் வரி வேண்டும் என்றும் அவரே எழுதினார், அது துணிச்சலான கருத்து. ஆனாலும் கூடுதல் கூலியாகப் போயிருக்கவேண்டிய பணத்தை எப்படிச் செலவிடுவது என்று தீர்மானிக்கும் உரிமை உழைத்தவரிடம் இல்லாமல் போயிற்று.

இளமையில் அவர் அப்படி இருக்கவில்லை. கர்னல் ஜேம்ஸ் ஆண்டர்சன் உழைக்கும் சிறுவர்களுக்காகத் திறந்துவைத்த நூலகத்தில், ஒரு கட்டத்தில் அவரைப் போன்றவர்களிடம் கட்டணம் கேட்டார்கள். பதினேழு வயது கார்னகி செய்தித்தாளுக்குக் கடிதம் எழுதி வாதாடி வென்றார். தமக்கு எதிரான ஏற்பாட்டை எதிர்த்துப் பேசும் அந்த உரிமையைத்தான் ஹோம்ஸ்டெட் சங்கமும் கேட்டது.

ஊரிடம் நிர்வாகத்தை ஒப்படைத்ததால் ஊரின் அநீதியும் உடன்வந்தது. 1902இல் அட்லாண்டாவில் கார்னகி நூலகம் திறந்தபோது கறுப்பின மக்களுக்கு அனுமதி இல்லை. அவர்களும் வரி கட்டுகிறவர்கள் அல்லவா என்று அறிஞர் டபிள்யூ. ஈ. பி. டு பாய்ஸ் தலைமையில் ஒரு குழு வாதாடியும் கதவு திறக்கவில்லை. அவர்களுக்கென்று ஒரு கிளை அங்கே வர 1921 ஆயிற்று. பணத்தைப் பத்தில் ஒரு பங்குவரை கணக்குப் பார்த்த பெர்ட்ராமின் நிபந்தனைகளில், கதவு எல்லோருக்கும் திறந்திருக்க வேண்டும் என்ற ஒன்று இருந்திருக்கலாம். பணத்துக்கு ஏங்கிய ஊர்களில் பலவும் அதற்கு இணங்கியிருக்கும் என்றே நினைக்கிறேன்.

கார்னகி 1919இல் இறந்தார். அதே ஆண்டு எஃகுத் தொழிலாளரின் பெரும் வேலைநிறுத்தம் எழுந்து, தோற்றது. எஃகு ஆலைகள் 12 மணி நேர வேலையைக் கைவிட முன்வந்தது 1923இல்தான். பொதுமக்களின் கண்டனமும் குடியரசுத் தலைவர் ஹார்டிங்கின் நெருக்குதலும் அதைச் செய்தன.