சுருங்கச் சொல்லலும் குன்றக் கூறலும்: ஞானோபதேசத்திற் பத்துக் கட்டளைகள்

நூலுக்குரிய பத்து அழகுகளுள் சுருங்கச் சொல்லலை முதலில் வைத்த நன்னூலார், பத்துக் குற்றங்களுள் குன்றக் கூறலை முதலில் வைத்தார். சொல்லைக் குறைத்துப் பொருளைக் காப்பது அழகு; சொல்லோடு பொருளையும் குறைப்பது குற்றம். இவ்விரண்டிற்கும் இடையிலுள்ள எல்லை மிக நுண்ணியது.

கத்தோலிக்கரின் ஞானோபதேசம் இவ்வெல்லையில் நிற்கும் நூல்வகையாகும். திருச்சபையின் மரபையும் அது சேர்த்தே உரைக்குமாயினும், கட்டளைகளைப் பொறுத்தவரை அதன் முதனூல் விவிலியமே. தமிழிலக்கண மரபிற் கூறின், ஞானோபதேசம் தொகுத்தல் என்னும் வகையைச் சார்ந்த வழிநூல். வழிநூலை அதன் முதனூலோடு வைத்து நோக்குதலே திறனாய்வின் கடன்.

இந்நோக்குக்கு மட்டக்களப்பு வாவிக்கரை பொருத்தமானதொரு களமாகும். 1638இல் ஒல்லாந்தர் கோட்டையைக் கைப்பற்றும் வரை இங்குப் போர்த்துக்கேயர் நிலைகொண்டிருந்தனர். 1814இல் வில்லியம் ஓல்ட் பாதிரியாரின் வருகையோடு மெதடிஸ்த சபையின் பணி தொடங்கியது. 1893இல் திருகோணமலை மறைமாவட்டம் அமைக்கப்பட்டபின் பிரெஞ்சு யேசு சபையினரும், அவர்களைத் தொடர்ந்து அமெரிக்க யேசு சபையினரும் இப்பகுதியிற் பணியாற்றினர். மட்டக்களப்பு தனி மறைமாவட்டமானது 2012இலாகும். புளியந்தீவில் புனித மிக்கேல் கல்லூரியும் மெதடிஸ்த மத்திய கல்லூரியும் அண்மித்து நிற்கின்றன. தாய் தந்தையரை மதித்தலைக் கத்தோலிக்கப் பிள்ளை நாலாம் கட்டளை என எண்ணும். மெதடிஸ்தப் பிள்ளை ஐந்தாம் கட்டளை என எண்ணும். முதனூல் ஒன்றே; எண் மட்டும் வேறுபடுகின்றது. ஏன்?

விவிலியம் 'பத்து வார்த்தைகள்' என்று தொகை கூறுகின்றதேயன்றி, ஒவ்வொன்றுக்கும் எண் இடவில்லை. யாத்திராகமம் 20ஆம் அதிகாரத்திலும் உபாகமம் 5ஆம் அதிகாரத்திலும் அவை தொடர்ந்த உரையாகவே அமைந்துள்ளன. அகுஸ்தீனாரின் வழிவந்த பகுப்பு, வேறு தெய்வங்களை விலக்குதலையும் உருவங்களை விலக்குதலையும் ஒன்றாக்கி, இறுதியிலுள்ள இச்சை விலக்கை இரண்டாக்குகின்றது. மெதடிஸ்தரும் அங்கிலிக்கரும் கொண்ட பகுப்பு உருவ விலக்கை இரண்டாம் கட்டளையாகத் தனித்து நிறுத்தி, இச்சை விலக்கை ஒன்றாகவே வைக்கின்றது. கத்தோலிக்கர் இரண்டாம் கட்டளையை மறைத்துவிட்டனர் என்னும் பழைய கண்டனம் இவ்வேறுபாட்டின்மேல் எழுந்ததாகும். உருவ வணக்கத்தைப் பேணுதற்காகச் செய்யப்பட்ட சூழ்ச்சியே இப்பகுப்பு என்பது அக்கண்டனத்தின் உட்கிடை. உரோமையிலிருந்து பிரிந்த லூத்தரும் தம் சிறிய ஞானோபதேசத்தில் இதே அகுஸ்தீனியப் பகுப்பையே கையாண்டார் என்பதை நோக்க, அது பொருந்தாமை தெளிவாகும்.

ஆயினும் கண்டனம் வீழ்ந்தமையால் குறை நீங்கிவிடவில்லை. மனனத்துக்குரிய சுருக்க வாய்பாட்டில் உருவம் பற்றிய வசனங்கள் இடம்பெறுவதில்லை. ஆலயத்திற் சுருபங்களின்முன் முழந்தாளிடும் பிள்ளை, ஆயித்தியமலைத் திருவிழாவுக்கு யாத்திரை செல்லும் பிள்ளை, அவ்வசனங்களை முதன்முதலாக எதிர்வாதம் செய்வார் வாயிலிருந்தே கேட்க நேரிடுகின்றது. 787இல் கூடிய இரண்டாம் நீசேயாப் பொதுச்சங்கம் உருவத்துக்குச் செய்யும் வணக்கத்தையும் கடவுளுக்கு மட்டுமே உரிய ஆராதனையையும் வேறுபடுத்தி விளக்கியது. விடை இருந்தும் வினாவைப் பிள்ளைக்கு அறிமுகப்படுத்தாமை வினாவிடை நூலுக்கு அழகன்று.

இச்சை விலக்கில் நிலைமை மாறுகின்றது. யாத்திராகமம் பிறன் வீட்டை முதலிற் கூறி, மனைவியை அடிமை, மாடு, கழுதை ஆகியவற்றோடு ஒரே நிரலில் வைக்கின்றது. உபாகமமோ மனைவியை முதலிற் கூறி, உடைமைகளுக்கு வேறொரு வினைச்சொல்லை ஆள்கின்றது. ஞானோபதேசம் ஒன்பதாம் கட்டளையையும் பத்தாம் கட்டளையையும் பிரிக்குமிடத்து உபாகமத்தையே பின்பற்றுகின்றது. இதனாற் பெண் உடைமைப் பட்டியலிலிருந்து விடுபடுகின்றாள். இங்கே வழிநூல் முதனூலின் இரு பாடங்களுள் உயர்ந்ததைத் தெரிந்தெடுத்துள்ளது எனலாம்.

எண்ணிக்கை பற்றிய வாதத்தின் ஆரவாரத்தில் மறைந்துபோன பெருங்குறை வேறொன்று உண்டு. விவிலியத்தில் பத்துக் கட்டளைகள் ஒரு கட்டளையோடு தொடங்கவில்லை. ஒரு விடுதலைச் செய்தியோடு தொடங்குகின்றன. அடிமைத்தன வீடாகிய எகிப்திலிருந்து மக்களை வெளியே கொணர்ந்தவர் தாமே என்று கடவுள் கூறிய பின்னரே கட்டளைகள் பிறக்கின்றன. விடுவிக்கப்பட்டோர் மீண்டும் அடிமைகளாகாமலும், பிறரை அடிமைகளாக்காமலும் வாழ்தற்கான நெறியே அவை. சுருக்க வாய்பாட்டில் தாமே கடவுள் என்னும் தொடர் எஞ்சியிருக்க, எகிப்து உதிர்ந்துவிடுகின்றது. விடுதலை செய்தவர் மறைந்து, விதி செய்பவர் மட்டும் நிற்கின்றார்.

இதன் விளைவை மூன்றாம் கட்டளையிற் காணலாம். திருநாட்களைப் பரிசுத்தமாக அனுசரிக்க வேண்டும் என்பது வாய்பாடு. இதனோடு திருச்சபையின் கட்டளை சேர்ந்து, ஞாயிறு பூசை காணுதலே அதன் முழுப்பொருள் என்னும் எண்ணம் வேரூன்றுகின்றது. உபாகமம் கூறுவதோ இதனினும் விரிந்தது. வேலைக்காரனும் வேலைக்காரியும் தலைவனைப் போலவே இளைப்பாற வேண்டும். மாடும் கழுதையும் ஊரில் தங்கிய அந்நியனும் இளைப்பாற வேண்டும். தானும் எகிப்தில் அடிமையாயிருந்ததைத் தலைவன் நினைவுகூர வேண்டும். போடியாரின் நிலத்தில் வயற்காரர் உழைத்த படுவான்கரையிலும், பிறர் தோணியிலும் வலையிலும் கூலிக்குத் தொழில் செய்வோர் வாழ்ந்த வாவிக்கரையிலும் இவ்வசனத்துக்குரிய பொருள் ஆழமானது. பூசை கண்டாயா என்று மனச்சாட்சியை வினவக் கற்ற பிள்ளை, உன் வேலையாள் இளைப்பாறினானா என்று வினவக் கற்கவில்லை. குன்றக் கூறல் இலக்கணக் குற்றமாக மட்டுமன்றி அறக் குற்றமாகவும் மாறுமிடம் இதுவே.

இக்குறைக்கு வரலாற்றுக் காரணம் உண்டு. என்றீக்கே என்றீக்கசு பாதிரியாரின் தம்பிரான் வணக்கம் 1578இல் கொல்லத்தில் அச்சேறியது. அது 16 பக்கங்கள் கொண்ட சிறு நூல். அடுத்த ஆண்டிற் கொச்சியில் கிரீசித்தியானி வணக்கம் வெளிவந்தது. தமிழிற் புதிய ஏற்பாடு அச்சேறத் தொடங்கியதோ 1714இல், தரங்கம்பாடி லூத்தரன் மிசனின் முயற்சியால். ஏறக்குறைய 136 ஆண்டுகள் தமிழ்க் கத்தோலிக்கரிடம் அச்சிட்ட ஞானோபதேசம் இருந்தது. அச்சிட்ட விவிலியம் இருக்கவில்லை. ஒல்லாந்தர் கத்தோலிக்கத்தைத் தடைசெய்த காலத்தில் இலங்கைக் கத்தோலிக்கர் குருமாருமின்றி வாழ நேர்ந்தது. எழுத்தறியாத மீனவனும் நாவில் தாங்கிச் செல்லக்கூடிய வேதம் வேறெதுவாக இருந்திருக்க முடியும்? அந்நிலையிற் சுருக்கம் அழகு மட்டுமன்று, உயிர்காப்புமாகும். இவ்வடிவத்தின் வலிமையை உணர்ந்தே ஆறுமுகநாவலரும் சைவ வினாவிடையை இயற்றினார் போலும்.

ஆனால், தோணி வேண்டியிருந்த காலத்துக்குரிய நியாயம் பாலம் அமைந்த பின்னரும் அப்படியே செல்லாது. 1965இல் இரண்டாம் வத்திக்கான் சங்கத்தின் இறைவெளிப்பாட்டுக் கொள்கைத் திரட்டு, மறைக்கல்வி விவிலியத்தால் ஊட்டம் பெறவேண்டும் என வற்புறுத்தியது. 1992இல் வெளிவந்த கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி நூல் யாத்திராகமப் பாடம், உபாகமப் பாடம், மரபு வாய்பாடு ஆகிய மூன்றையும் அருகருகே வைத்துக் காட்டுகின்றது. பகுப்புமுறை காலந்தோறும் வேறுபட்டதையும் ஒப்புக்கொள்கின்றது. 1995இல் திருவிவிலியப் பொது மொழிபெயர்ப்பும் தமிழ் வாசகர் கைக்கு வந்தது. முதனூலை விலக்கிவைத்தற்கு இனிக் காரணம் இல்லை.

மொழிநிலையிலும் ஒரு குறிப்பு வேண்டும். பழைய ஞானோபதேசம் 'பத்துக் கற்பனைகள்' என்றே கூறியது. கற்பித்தல் என்னும் வினையோடு உறவுடைய அச்சொல் கட்டளையையும் போதனையையும் ஒருங்கே குறித்தது. இன்றைய மாணவனுக்குக் கற்பனை என்பது கவிஞனின் புனைவு. பொருள் மறைந்த சொல்லை மனனம் செய்வித்தலும் குன்றக் கூறலின் மற்றொரு வடிவமே.

எனவே ஞானோபதேசத்தைக் கைவிடுதல் தீர்வாகாது. நினைவில் நிற்கும் சுருக்கம் இன்றி எந்தச் சமய அறிவும் தலைமுறை கடந்து வாழ்ந்ததில்லை. கட்டளைகள் அனைத்தும் இறையன்பு, பிறரன்பு ஆகிய இரண்டில் அடங்கும் என்று அதுவே முடித்துக் காட்டுமிடத்துச் சுருங்கச் சொல்லலின் உச்சத்தைத் தொடுகின்றது. வேண்டப்படுவது, வாய்பாட்டின் தலையில் எகிப்தை மீண்டும் வைத்தலும், மூன்றாம் கட்டளையில் வேலையாளை மீண்டும் சேர்த்தலுமே. இரண்டு வாக்கியங்கள் கூடும். மனனம் செய்யும் பிள்ளைக்கு அது பெருஞ்சுமையாகாது. அவ்விரண்டு வாக்கியங்களையும் இழந்த பட்டியல் எத்துணை எளிதாக நாவில் நிற்பினும், முதனூலின் வழிநூலென்று உரிமை கொண்டாடுதல் அரிது.