தை ஐந்தாம் நாள் படங்கள்

ஃபெஞ்சல் புயல் மழையில் சாத்தனூர் அணை நிரம்பி, 2024 டிசம்பர் 2 அன்று விநாடிக்கு 1.68 லட்சம் கனஅடி வரை தென்பெண்ணையில் திறந்துவிட்டார்கள். கரையோர மணலூர்பேட்டைக்காரர்களுக்கு அதை எண்ணில் சொல்ல வேண்டியதில்லை. நமக்கு வந்து சேர்ந்தது ட்ரோன் படங்கள். பழுப்புத் தண்ணீர், நடுவில் மரத்தலைகள். நல்ல படங்கள்தான். ஆனா ஆத்தோட பேரை எடுத்துட்டா எந்த ஊர் வெள்ளமாகவும் இருக்கலாம்.

ஜேம்ஸ் பாலோக் 2007-இல் பனியாறுகளுக்கு எதிரே கேமராக்களைப் பொருத்தி, ஆண்டுக்கணக்கில் ஒரே கோணத்தில் படமெடுக்க வைத்தார். ‘சேசிங் ஐஸ்’ ஆவணப்படத்தில் நம்மைக் கலங்கடிப்பது முதல் படத்துக்கும் கடைசிப் படத்துக்கும் நடுவில் காணாமல்போன பனிதான்.

அப்படி ஒரு கேமரா மணலூர்பேட்டையில் ஏற்கெனவே ஓடிட்டிருக்கு. தை 5 அன்று திருவண்ணாமலையிலிருந்து அண்ணாமலையார் தீர்த்தவாரிக்கு இங்கே ஆற்றுக்கு வருகிறார். ஆண்டுதோறும் அதே நாள், அதே ஆறு. ஜனங்கள் எடுப்பது சாமியைத்தான். பின்னால் ஆறும் சேர்ந்து விழுந்துவிடுகிறது. தண்ணீர் எதுவரை, மணல் எவ்வளவு, புதர் எங்கே என்று எல்லாம். இவற்றைக் காலநிலைப் புகைப்படம் என்று யாரும் கண்காட்சியில் மாட்டுவதில்லை.

ஒரு சிக்கல் உண்டு. வற்றிய ஆற்றின் படம், மழை பொய்த்ததா, அணை மூடியதா, மணல் அள்ளியதா என்று பிரித்துச் சொல்லாது. பக்கத்தில் மழைக்கணக்கும் அணைக்கணக்கும் வேணும். அவற்றோடு நான் முதலில் பார்க்க விரும்புவது 2024 தை 5 படத்தையும், வெள்ளம் வந்து ஏழு வாரம்கூட ஆகாத 2025 தை 5 படத்தையும்.