வில்லனுக்கு என்ன தொழில்?

ஒரு காலம் எதற்குப் பயந்தது என்று தெரிந்துகொள்ள அதன் கதாநாயகனைப் பார்த்துப் பயனில்லை. நாயகன் என்றைக்கும் ஒரே ஆள். தாய்க்கு அடங்குவான், ஏழைக்கு இரங்குவான், கடைசி ரீலில் ஜெயிப்பான். மாறிக்கொண்டே இருப்பவன் வில்லன்தான். தமிழ் சினிமாவில் அவன் 1949இல் வட்டிக்கு விடுகிறான். எழுபதுகளில் தங்கம் கடத்துகிறான். 1992இல் துப்பாக்கியோடு மலையில் பதுங்குகிறான். 2018இல் நம் வங்கிக் கணக்கு விவரம் முழுவதையும் கையில் வைத்திருக்கிறான். நம்முடைய சினிமா ஆய்வுகள் நாயகன் பின்னாலேயே ஓடியதில் இந்தத் தொழில் மாற்றத்தை யாரும் கணக்கெடுக்கவில்லை.

பொழுதுபோக்குக்குள் அரசியல் பயத்தைத் தேடும் முறைக்குப் பிள்ளையார் சுழி போட்டவர் சீக்ஃப்ரீட் கிராகவர். 1947இல் வந்த ‘காலிகரியிலிருந்து ஹிட்லர் வரை’ என்ற நூலில், 1920களின் ஜெர்மன் படங்களில் வரும் வசியக்காரர்களையும் கொடுங்கோலர்களையும் வரிசைப்படுத்தி, வரப்போகும் எஜமானனை அந்தச் சமூகம் திரையில் முன்கூட்டியே கண்டுவிட்டது என்றார். சூசன் சொன்டாக் 1965இல் எழுதிய ஒரு கட்டுரையில், அறிவியல் புனைவுப் படங்களின் பேரழிவுக் காட்சிகளை அணுகுண்டு பயத்தோடு சேர்த்து வாசித்தார். இதற்கு ஜப்பானின் ‘காட்ஜிலா’வை விட நல்ல உதாரணம் இல்லை. 1954 மார்ச்சில் பிகினித் தீவில் அமெரிக்கா ஹைட்ரஜன் குண்டு சோதனை நடத்தியது. அதன் சாம்பல் ஒரு ஜப்பானிய மீன்பிடிப் படகின் மேல் விழுந்தது. அதே ஆண்டு நவம்பரில் கடலுக்குள்ளிருந்து அந்த மிருகம் டோக்கியோவுக்குள் நுழைந்தது. கிராகவர் மேல் ஒரு பழைய புகார் உண்டு: ஹிட்லர் வந்தது தெரிந்த பிறகு பின்னோக்கிப் பார்த்தால் எந்தப் படத்திலும் ஹிட்லர் தெரிவார். நியாயமான புகார்தான். இந்தக் கட்டுரைக்கும் அது பொருந்தும்.

தமிழில் நடந்த ஆய்வுகள் இன்னொரு கேள்வியிலிருந்து தொடங்கின: நடிகர்கள் எப்படி ஆட்சிக்கு வந்தார்கள்? ராபர்ட் ஹார்ட்கிரேவ் எழுபதுகளில் ரசிகர்களையும் மன்றங்களையும் ஆராய்ந்தார். கார்த்திகேசு சிவத்தம்பி 1981இல் தமிழ் சினிமாவை அரசியல் தொடர்புச் சாதனமாகப் பார்த்துச் சிறு நூல் எழுதினார். அதே ஆண்டு வந்த தியடோர் பாஸ்கரனின் நூல், விடுதலைப் போராட்டக் கால நாடகத்தையும் சினிமாவையும் ஆவணங்களிலிருந்து மீட்டெடுத்தது. எம்.எஸ்.எஸ். பாண்டியன் 1992இல் எம்.ஜி.ஆரின் பிம்பத்தைப் பிரித்துப் போட்டு, தங்களுக்குப் பெரிதாக எதுவும் செய்யாத ஆட்சியை ஏழைகள் ஏன் நேசித்தார்கள் என்று கேட்டார். நால்வரில் கூர்மையானவர் பாண்டியன். ஆனால் அவர் நூலிலும் வில்லன் நம்பியார் அடிவாங்க மட்டுமே வருகிறார்.

‘வேலைக்காரி’யிலிருந்து தொடங்கலாம். அண்ணா எழுதி ஏ.எஸ்.ஏ. சாமி இயக்கிய படம். 1949இல் தி.மு.க. பிறப்பதற்குச் சில மாதங்கள் முன்பு வெளியானது. வில்லன் வேதாசல முதலியார், ஊர்ப் பெரிய மனிதர், கடன் கொடுப்பவர். அவர் கொடுத்த நெருக்கடியில் ஒரு குடியானவர் தூக்கில் தொங்குகிறார். மகன் ஆனந்தன் பழிவாங்கக் கிளம்புகிறான். அவன் காளி கோயிலில் நின்று சாமியையே கேள்வி கேட்கும் காட்சியைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதியாயிற்று. எனக்கு முதலியாரின் முடிவுதான் முக்கியமாகப் படுகிறது. அவர் சாகவில்லை, திருந்துகிறார். சென்னை மாகாணத்தில் ஜமீன் ஒழிப்புச் சட்டம் 1948இலேயே வந்துவிட்டது. நிலக்கிழாரின் அதிகாரம் ஆட்டம் கண்ட பிறகுதான் சினிமா அவரைக் கூண்டில் ஏற்றியது, அதிலும் மன்னித்து அனுப்பிவிட்டது. தமிழ்த் திரையின் பயங்களில் பாதி இப்படித் தாமதமாக வந்தவைதான்.

‘பராசக்தி’ (1952) தாமதிக்கவில்லை. பூசாரியும் நீதிமன்றக் காட்சியும் எல்லாருக்கும் நினைவிருக்கும். தங்கை கல்யாணியை வேட்டையாடுகிறவர்கள் வரிசையில் கள்ளச்சந்தை வியாபாரி ஒருவரும் வருகிறார் என்பது எத்தனை பேருக்கு நினைவிருக்கும்? போர்க்காலத்திலிருந்து தொடர்ந்த அரிசி ரேஷனை ராஜாஜி அரசு 1952 ஜூனில்தான் நீக்கியது. படம் அந்தத் தீபாவளிக்கு வந்தது. அன்றைக்குக் கொட்டகையில் மணலைக் குவித்து உட்கார்ந்திருந்தவர்களுக்குக் கள்ளச்சந்தைக்காரன் குறியீடு இல்லை, சில மாதங்கள் முன்பு வரை அவர்கள் கெஞ்சி நின்ற ஆள். கல்யாணியின் மூன்று அண்ணன்களும் பர்மாவில் பிழைத்தவர்கள். 1942இல் ரங்கூனிலிருந்து நடந்தே வந்தவர்கள் அரங்கிலும் இருந்திருப்பார்கள். பகுத்தறிவுப் பிரச்சாரப் படமாக மட்டும் ‘பராசக்தி’யைப் படித்துப் பழகியதில் அதன் பசியை நாம் தவறவிட்டோம்.

கள்ளச்சந்தைக்காரனை நேரடியாகக் காட்டலாம். ஆளும் கட்சியைக் காட்ட முடியாது, தணிக்கை இருந்தது. அதனால் ராஜா ராணிக் கதை. ‘மந்திரி குமாரி’ (1950), ‘நாடோடி மன்னன்’ (1958) இரண்டிலும் தீமையின் ஊற்று அரியணைக்குப் பின்னால் நிற்கும் ராஜகுரு. ராஜகுரு என்றால் யார் என்று திராவிட இயக்கப் பார்வையாளனுக்கு யாரும் விளக்கத் தேவையிருக்கவில்லை. ஆனால் அந்த ராஜகுருவில் அவன் கண்ட ராஜாஜி பதவி விலகிக் காமராஜர் முதல்வரானது 1954இல். நான்கு ஆண்டு கழித்தும் பி.எஸ். வீரப்பா ராஜகுருவாகச் சிரித்துக்கொண்டிருந்தார். பயம் தீர்ந்தாலும் வேடம் ஓடும். அந்தச் சிரிப்புக்குத் தனி வசூல் இருந்ததே!

எழுபதுகளின் கடத்தல்காரனை வேகமாகக் கடந்துவிடலாம். தங்கக் கட்டுப்பாட்டுச் சட்டம் 1968இலும் அந்நியச் செலாவணியைக் காக்கவும் கடத்தலைத் தடுக்கவும் காபிபோசா 1974இலும் வந்தன. கப்பலிலிருந்து இறங்கும் பெட்டியும் தீவுக்குள் ரகசிய அறையும் அந்தச் சட்டங்களின் நிழல்கள். இங்கேதான் கிராகவர் மேலான புகார் நம்மையும் பிடிக்கிறது. ‘பில்லா’ (1980) இந்தி ‘டான்’ படத்தின் மறு ஆக்கம். ‘தீ’ (1981) ‘தீவார்’ படத்தின் மறு ஆக்கம். பம்பாய்த் துறைமுகத்தின் கவலை, உரிமை விலைக்கு வாங்கப்பட்டுச் சென்னைக்கு வந்தது. அதை எந்தத் தமிழ்ச் சமூகத்தின் ஆழ்மனதில் போய்த் தேடுவது?

‘உலகம் சுற்றும் வாலிபன்’ (1973) வேறு கதை. அந்தப் படம் எத்தனை தடைகளைத் தாண்டி வெளியானது என்பதைத் திரும்பத் திரும்பச் சொல்கிறோம், படம் எதைப் பற்றியது என்று கேட்பதில்லை. மின்னலின் ஆற்றலைச் சேமிக்க வழி கண்டுபிடித்த விஞ்ஞானி, அது அழிவுக்குப் பயன்படும் என்று அஞ்சி மறைக்கிறான். இன்னொரு விஞ்ஞானி அதைக் கைப்பற்றி வெளிநாட்டுக்கு விற்கத் துடிக்கிறான். அடுத்த ஆண்டு மே 18 அன்று பொக்ரானில் இந்தியாவின் முதல் அணுவெடிப்பு நடந்தது. எம்.ஜி.ஆர். தீர்க்கதரிசி என்று நான் சொல்லவரவில்லை. சீனா குண்டு வெடித்த 1964இலிருந்து இந்தியாவும் குண்டு செய்யலாமா என்ற வாதம் நாட்டில் ஓடிக்கொண்டிருந்தது. அது படத்தில் வரும் ஒசாகா கண்காட்சிக்கும் காதல் பாட்டுகளுக்கும் நடுவே வந்து உட்கார்ந்ததுதான் ஆச்சரியம்.

எண்பதுகளில் வில்லனுக்கு முகமே இல்லாமல் போயிற்று. ‘தண்ணீர் தண்ணீர்’ (1981) படத்தில் அத்திப்பட்டி மக்கள் யாரை அடிப்பது? கோப்புகளையா? கோமல் சுவாமிநாதனின் நாடகத்திலிருந்து பாலசந்தர் எடுத்த அந்தப் படத்தில் கெட்டவனாக இருப்பது அரசு எந்திரம். சட்டம்தான் எதிரி என்று தலைப்பிலேயே சொன்னது அதே ஆண்டு வந்த ‘சட்டம் ஒரு இருட்டறை’. சங்கடமான உதாரணம் ‘ஒரே ஒரு கிராமத்திலே’. பிராமணப் பெண் ஒருத்தி போலிச் சாதிச் சான்றிதழ் வாங்கி வேலைக்குச் சேரும் கதை. இங்கே வில்லன் இடஒதுக்கீடு என்ற விதி. மேல்சாதியின் பதற்றத்தை இவ்வளவு வெளிப்படையாகச் சொன்ன தமிழ்ப் படம் இன்னொன்று எனக்குத் தெரியவில்லை. சென்னை உயர் நீதிமன்றம் படத்தின் தணிக்கைச் சான்றிதழை ரத்து செய்தது. 1989 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் திருப்பிக் கொடுத்தது. கருத்துச் சுதந்திர வழக்குகளில் அந்தத் தீர்ப்பு இன்றும் மேற்கோள் காட்டப்படுகிறது. படத்தின் கருத்தோடு சண்டை போடுகிறவர்களும் அந்தத் தீர்ப்பை வைத்துத்தான் தங்கள் படங்களைக் காப்பாற்றிக்கொள்ள வேண்டியிருக்கிறது.

1991 மே 21, ஸ்ரீபெரும்புதூர். ராஜீவ் காந்தி கொலைக்குப் பிறகு தமிழ்நாட்டைப் பிடித்த பயத்தை அந்தக் காலத்தில் இருந்தவர்கள் அறிவார்கள். ஈழத்துக்காகப் பேசியவர்கள் வாயை மூடிக்கொண்டார்கள். இலங்கைத் தமிழ் பேசினால் வாடகைக்கு வீடு கிடைக்கவில்லை. வெளிமாநிலத்தில் தமிழன் என்று சொல்லவே தயக்கம். 1992 மே மாதம் விடுதலைப் புலிகள் இயக்கம் தடை செய்யப்பட்டது. இந்தக் கொலையை நேரடியாகத் தொட்டு ஆர்.கே. செல்வமணி எடுத்த ‘குற்றப்பத்திரிகை’ தணிக்கையில் சிக்கி, நீதிமன்றப் படி ஏறி, 2007இல்தான் திரைக்கு வந்தது. அதற்குள் பயம் ஆறிப்போயிருந்தது, படமும்.

தடை வந்து மூன்று மாதத்தில், 1992 ஆகஸ்ட் 15 அன்று, ‘ரோஜா’ வந்தது. தீவிரவாதி இருக்கிறான், கடத்தல் இருக்கிறது, நாட்டைப் பிரிக்கும் கோரிக்கை இருக்கிறது. எல்லாம் காஷ்மீரில்! தேஜஸ்வினி நிரஞ்சனா 1994இல் எழுதிய கட்டுரை, படத்தின் தேசம் யாருடைய தேசம் என்று கேட்டுப் பெரிய விவாதத்தைக் கிளப்பியது. அவர் பார்த்தது புதிய நடுத்தர வர்க்கத்தின் இந்துத் தேசியத்தை. அது சரிதான். ஆனால் தமிழ்நாட்டில் உட்கார்ந்து பார்த்தால் இன்னொன்றும் தெரிகிறது. கைகள் கட்டப்பட்ட தமிழ் இளைஞன் ஒருவன் எரியும் தேசியக் கொடியின் மேல் உருண்டு தன் உடம்பால் தீயை அணைக்கிறான். சந்தேகத்துக்கு ஆளான ஓர் இனத்துக்கு இதைவிட நல்ல நன்னடத்தைச் சான்றிதழ் கிடைக்காது. இந்தியில் டப் செய்யப்பட்டு நாடு முழுக்க ஓடியபோது அந்தச் சான்றிதழ் உரிய மேசைக்குப் போய்ச் சேர்ந்தது. பக்கத்துக் கடலில் இருந்த பயத்தை நேராகப் பார்க்கத் தெம்பில்லாமல் வடக்கே மூவாயிரம் கிலோமீட்டர் தள்ளி வைத்துப் பார்த்தோம்.

ஈழ அகதி பெரிய நட்சத்திரப் படத்தின் நடுவில் வந்து நிற்க 2000 ஆக வேண்டியிருந்தது. ‘தெனாலி’ நாயகனுக்கு எதைக் கண்டாலும் பயம். நாம் இரண்டரை மணிநேரம் சிரித்தோம்.

தொண்ணூறுகளின் அரசியல்வாதி வில்லன்களில் ‘அமைதிப்படை’யின் (1994) அமாவாசை நிற்பான். மற்றவர்கள் அச்சில் வார்த்தவர்கள். ‘இந்தியன்’ (1996) லஞ்சம் வாங்கும் அதிகாரியை வில்லனாக்கி வென்றது. லைசென்ஸ் ராஜ்ஜியத்தை 1991இலேயே தளர்த்தத் தொடங்கியிருந்தார்கள். பெரிய பணம் வேறு கைகளுக்கு நகர்ந்துகொண்டிருந்தபோது நாம் ஆர்.டி.ஓ. அலுவலகக் கவுண்டரைப் பார்த்துப் பல்லைக் கடித்தோம். கம்பெனி முதலாளி வில்லனாக ஊன்றிக்கொள்ள ‘கத்தி’ (2014) வரை ஆயிற்று. தண்ணீரை உறிஞ்சும் நிறுவனத்தைத் திட்டிய அந்தப் படத்தைத் தயாரித்ததில் ஒரு பன்னாட்டுத் தொலைபேசி நிறுவனத்துக்குப் பங்கு இருந்தது; நாயகன் முன்பு குளிர்பான விளம்பரத்தில் நடித்தவர். இதைப் பாசாங்கு என்று ஒதுக்கிவிட முடியாது. எதிர்ப்புக்குச் சந்தை இருப்பதை முதலீடு மோப்பம் பிடித்துவிட்டது, அவ்வளவுதான். ‘இரும்புத்திரை’ (2018) நம் தகவல்களைத் திருடுகிறவனை வில்லனாக்கியது. ஆதார் வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது அதே ஆண்டு செப்டம்பரில். ‘பராசக்தி’க்குப் பிறகு பயம் இவ்வளவு சுடச்சுடத் திரைக்கு வந்தது அபூர்வம்.

சாதியை வில்லனாகக் காட்ட மட்டும் அரை நூற்றாண்டுக்கும் மேல் எடுத்தது. ‘கர்ணன்’ (2021) 1995இல் கொடியங்குளத்தில் நடந்த காவல்துறைத் தாக்குதலை நினைவுபடுத்தும் படம். அதில் கதை நடக்கும் ஆண்டு 1997 என்று முதலில் இருந்தது. எந்தக் கட்சியின் ஆட்சி அது என்ற சர்ச்சை எழுந்ததும் ‘1990களின் பிற்பகுதி’ என்று மாற்றினார்கள். காவல்துறைத் தாக்குதலைத் திரையில் காட்டலாம், தேதியைத்தான் காட்டக்கூடாது.

இந்தத் துறையில் இனிச் செய்ய வேண்டிய வேலை கோட்பாட்டு வேலை இல்லை, கணக்குப்பிள்ளை வேலை. ஆண்டுவாரியாக, படவாரியாக வில்லனின் தொழில், ஊர், சாதி, முடிவு இவற்றைக் குறித்தெடுக்க வேண்டும். மறு ஆக்கங்களைத் தனியே ஒதுக்க வேண்டும். அப்போதுதான் எது நம் பயம், எது இரவல் பயம் என்று சொல்ல முடியும். பழைய படங்களில் பலவற்றின் பிரதிகளே அழிந்துவிட்டன. மிஞ்சியிருப்பவை கொட்டகை வாசலில் சில்லறைக் காசுக்கு விற்ற பாட்டுப் புத்தகங்கள். அவற்றின் கதைச் சுருக்கம் முடிவைச் சொல்லாமல் வெள்ளித்திரையில் காணச் சொல்லி நிறுத்திக்கொள்ளும், ஆனால் வில்லன் யார், என்ன செய்கிறான் என்பதை முதல் பத்தியிலேயே சொல்லிவிடும். உங்கள் வீட்டுப் பரணில் அப்படி ஏதாவது கிடந்தால் பழைய பேப்பர்காரருக்குப் போடாதீர்கள். தரமணியில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் இருக்கிறது. அங்கே கொண்டுபோய்க் கொடுங்கள்.