உழைப்பும் ஓய்வும்: புரூகலின் ‘அறுவடை செய்வோர்’

பிளெமிய ஓவியர் மூத்த பீட்டர் புரூகல் 1565ஆம் ஆண்டில் மரப்பலகையின்மீது எண்ணெய் வண்ணத்தில் தீட்டிய ‘அறுவடை செய்வோர்’, ஆண்ட்வெர்ப் நகர வணிகர் நிக்லாஸ் யோங்கலிங்கிற்காக உருவாக்கப்பெற்ற பருவகால ஓவியத் தொடரைச் சார்ந்தது. எஞ்சியுள்ள ஐந்து ஓவியங்களுள் மூன்று வியன்னாவிலும் ஒன்று பிராகிலும் உள்ளன. இவ்வோவியம் 1919இல் நியூயார்க் மெட்ரோபாலிட்டன் கலைக்கூடத்தை அடைந்தது. இதனை வளமான கிராமக் காட்சி என்று மட்டும் கொள்வது போதுமானதன்று.

மாதந்தோறும் நிகழும் தொழில்களை வரைவது ஐரோப்பிய மரபு. பதினைந்தாம் நூற்றாண்டில் லிம்பூர்க் சகோதரர்கள் பெர்ரி கோமகனுக்கு வரைந்த வழிபாட்டு நூலின் ஆகஸ்டு மாத ஓவியத்தில், வல்லூறு ஏந்திய உயர்குடியினர் குதிரைமீது முன்னே செல்கின்றனர். அறுவடையோ அவர்களுக்குப் பின்னே சிறிதாக நிகழ்கின்றது. புரூகல் இவ்வைப்புமுறையைத் தலைகீழாக்குகின்றார். முன்னிலையில் உழைப்போரே உள்ளனர்.

இடப்புறத்தில் சிலர் நீண்ட அரிவாள் வீசிக் கோதுமையை அறுக்கின்றனர். கதிர்களினூடே வெட்டப்பட்ட வழியில் ஒருவன் குடங்களுடன் வருகின்றான். வலப்புறத்தில் பேரிக்காய் மரத்தின் அடியில் சிலர் உண்கின்றனர். கதிர்க்கட்டுகளே அவர்தம் இருக்கைகள். அருகில் ஒருவன் கால்பரப்பி உறங்குகின்றான். அவனைச் சோம்பலின் உருவமாகக் கொள்வது பொருந்தாது. அறுப்போரும் உண்போரும் ஒரே வயலில் காட்டப்பெறுவதால், உறக்கம் உழைப்பின் தொடர்ச்சியாகவே பொருள்படுகின்றது. தமிழ் மரபின் சொல்லாற் கூறின், முதுவேனில் என்னும் பெரும்பொழுதினுள் நண்பகல் என்னும் சிறுபொழுதைத் தேர்ந்தமையே ஓவியரின் தனித்திறன் எனலாம்.

எனினும், இவ்வுழவர்க்காக இவ்வோவியம் வரையப்பெறவில்லை. அதனைக் கண்டு மகிழ்ந்தவர் செல்வர். 1566ஆம் ஆண்டில் யோங்கலிங்க், பிறர் ஒருவர் ஆண்ட்வெர்ப் நகருக்குச் செலுத்தவேண்டிய கடனுக்குப் பிணையாகப் புரூகலின் பதினாறு ஓவியங்களை ஈடு வைத்தார். மாதங்களைக் குறிக்கும் இத்தொடரும் அவற்றுள் அடங்கும். உழவனின் நண்பகல் ஓய்வு, வணிகனின் கடனுக்கு ஈடாயிற்று.

இதனால் ஓவியத்தைச் சமூகக் கண்டனம் என்று கூறிவிட இயலாது. அதற்குரிய சான்று ஓவியத்தினுள் இல்லை. ஆயினும், உழைப்பவனின் களைப்பிற்கு உரிய இடத்தை முன்னிலையில் அளித்தமையால், உடையவனின் சுவரில் தொங்கியபோதும் அது உழைப்பவனின் பொழுதையே பேசுகின்றது. இவ்வோவியத்தின் நிலைபேற்றுக்கு இம்முரணே காரணம் எனத் துணியலாம்.