பெயரைப் பதிதலும் பெயரை மறைத்தலும்: நினைவுக் காட்சியகங்களில் மாணவர் பயிற்சி

போரையும் பெருவன்முறையையும் நினைவுகூரும் காட்சியகங்களில் மாணவர்கள் பெறும் உள்ளகப் பயிற்சி, பொருள்களைத் துடைத்து எண்ணிட்டு அடுக்கும் வேலையாகத் தொடங்கினாலும், அதன் உயிர்நிலை வாய்மொழி வரலாறே, அதாவது நிகழ்வைக் கண்டவரைப் பேசவைத்து ஒலிப்பதிவு செய்து எழுத்தாக்கும் முறையே ஆகும். இந்தியாவிலும் இலங்கையிலும் முறை ஒன்றுதான்; அது பயிற்சி மாணவரிடம் கோரும் பழக்கங்களோ ஏறத்தாழ எதிரெதிரானவை.

அமிர்தசரஸ் நகர மண்டபத்தில் 2017இல் திறக்கப்பட்ட பிரிவினை அருங்காட்சியகத்தில், 1947இல் இந்தியா-பாகிஸ்தான் பிரிவினையின்போது எல்லை கடந்த குடும்பங்கள் தாமே முன்வந்து தந்த கடிதங்களும் பாத்திரங்களும் புல்காரி எனப்படும் பஞ்சாபிப் பூவேலைத் துணிகளும் இருக்கின்றன. இத்தகைய இடத்தில் பயிலும் மாணவர், ஒரு பொருள் எவரிடமிருந்து எவ்வழியே வந்தது என்பதைக் குறித்துவைக்கும் சேர்க்கைப் பதிவேட்டில், கொடுத்தவரின் பெயரையும் அவர் விட்டுவந்த ஊரையும் விடாமல் கேட்டு எழுதுவதையே முதற்பாடமாகக் கற்கிறார். பெயரில்லாத பொருள் அங்கே பாதிப் பொருள்தான். ஆகஸ்ட் 14ஐப் பிரிவினைக் கொடுமைகளின் நினைவு நாளாக இந்திய அரசே 2021இல் அறிவித்துவிட்ட நிலையில், சாட்சி சொல்பவர் அரசுக்கு அஞ்ச வேண்டியதில்லை. ஆயினும் பதிவில் நேர்ந்த எழுபது ஆண்டுத் தாமதத்துக்கு ஒரு விலை இருந்தது. 1947இல் முடிவெடுக்கும் வயதிலிருந்தவர்களுள் மிகப் பலர் மறைந்துவிட்டதால், இன்று பதிவாகும் குரல்கள் பெரும்பாலும் அன்றைய சிறுவர் சிறுமியருடையவை. காயம் ஆறட்டும், பிறகு பதிவோம் என்று இலங்கைக்கு அறிவுரை கூறுவோர் இதைக் கருதுவதில்லை.

இலங்கையில் அரசுக்கும் விடுதலைப் புலிகளுக்கும் இடையிலான போர் 2009 மே மாதத்தில் முடிந்தது. சாட்சிகளுள் பலர் இன்னும் நடுவயதினர். ஆனால் நினைவிடங்களே அங்கு வழக்குப்பொருளாக இருக்கின்றன. புதுக்குடியிருப்பில் படையினர் அமைத்த காட்சியகம் கைப்பற்றிய படகுகளையும் ஆயுதங்களையும் வெற்றியின் சான்றுகளாக வைத்தது. விடுதலைப் புலிகள் தம் போராளிகளைப் புதைத்த துயிலும் இல்லங்களோ இடிக்கப்பட்டன, கோப்பாயில் அந்நிலத்தின்மீதே படைமுகாம் எழுந்தது. யாழ்ப்பாணப் பல்கலைக்கழக வளாகத்தில் போரின் இறுதிக் கட்டத்தில் முள்ளிவாய்க்காலில் கொல்லப்பட்டோருக்காக எழுப்பிய நினைவுத்தூபி 2021 ஜனவரி 8 இரவு தகர்க்கப்பட்டு, மாணவர் போராட்டத்துக்குப் பின் மீண்டும் கட்டப்பட்டது. எனவே வடக்கிலும் தெற்கிலும் தாய்மாரின் கடிதங்களையும் அவர்கள் கையால் வரைந்த நினைவு வரைபடங்களையும் 2012 முதல் திரட்டிய 'ஹெர்ஸ்டோரீஸ்' போன்ற தனி முயற்சிகளே இப்பணிக்கு வழிகாட்டின. 1979ஆம் ஆண்டின் பயங்கரவாதத் தடைச் சட்டத்தின்கீழ் நினைவேந்தலுக்காகவும் கைதுகள் நிகழ்ந்துள்ள நாட்டில், பயிற்சி மாணவர் முதலில் கற்க வேண்டியது பெயரை நீக்குவது: உரையில் குறியீட்டெண்ணை இட்டு, எண்ணையும் பெயரையும் இணைக்கும் பட்டியலை வேறிடத்தில் பூட்டிவைப்பது. ஒருமுறை பெற்ற ஒப்புதலும் போதாது. ஊரின் நிலைமை மாறும்போது அதை மறுபடி கேட்க வேண்டும்.

பொருள்களில் இவ்வேறுபாடு இன்னும் கூர்மையாகிறது. கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் 2017 பெப்ரவரி முதல் தெருவோரப் பந்தல்களில் அமர்ந்த தாய்மார் கையிலேந்திய ஒளிப்படங்கள் எந்தக் காட்சியகத்துக்கும் அரும்பொருளாகக்கூடியவை. ஆனால் காணாமல் ஆக்கப்பட்ட பிள்ளையைத் தேடுபவருக்கு அப்படம் இன்னும் சான்றாவணம், அதைக் காட்சியகத்துக்குத் தருவது தேடலைக் கைவிட்டதாகப் பொருள்படும். அதனால் இங்கே பயிற்சி மாணவர் பொருளைப் பெற்றுக்கொள்வதில்லை. வீட்டிலேயே படியெடுத்து, மூலத்தை உரியவரிடம் அப்போதே ஒப்படைத்துவிட்டு வருவதே முறையாகும்.