யாருடைய எழுபது?

அம்மாச்சிக்கு மறதி கூடிக்கொண்டே வந்தது. ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனேன். டாக்டர் ஒரு தாளை வைத்துக்கொண்டு கேட்டார். "பாட்டி, இன்னைக்கு என்ன தேதி?" "அமாவாச கழிஞ்சு மூணாம் நாளு, சாமி." கணக்கு சரிதான். ஆனால் தாளில் பூஜ்யம் விழுந்தது. அடுத்து, பேனாவைக் கையில் கொடுத்து ஒரு வாக்கியம் எழுதச் சொன்னார். அம்மாச்சி என் முகத்தைப் பார்த்தாள். அவள் பேனா பிடித்ததே இல்லை. அதற்கும் பூஜ்யம்.

அன்றிலிருந்து அந்தத் தாளைத்தான் வாசித்துக்கொண்டிருக்கிறேன். கதையும் கவிதையும் மட்டும்தான் பிரதியா? கேள்வித்தாளும் பிரதிதான். அதை எழுதியவன் மனசிலும் ஒரு வாசகன் இருக்கிறான். அவன் பள்ளிக்கூடம் போனவன், எழுதியவனின் மொழியைப் பேசுகிறவன். இந்தப் பிரதியோடு நெடுங்காலமாக மல்லுக்கட்டி வருகிறவர்கள் அமெரிக்காவிலும் மெக்சிகோவிலும் போர்ட்டோ ரிக்கோவிலும் வாழும் ஸ்பானிய மொழிக்காரர்கள். அவங்க கதை நமக்கெதுக்கு என்று கேட்கலாம். 'தகுதி', 'திறமை' என்ற சொற்களால் அடிவாங்கிய நமக்கு அந்தக் கதை புரியும்.

ஐ.க்யூ. 100 என்பது என்ன? ஒரு கூட்டத்தாரைச் சோதித்து, அவர்களுடைய சராசரிக்கு 100 என்று பெயர் வைக்கிறார்கள். 70 எடுத்தால், அந்தக் கூட்டத்தில் நூற்றுக்குச் சுமார் 98 பேர் உனக்கு முன்னால் நிற்கிறார்கள் என்று அர்த்தம். அப்படியானால் கேட்க வேண்டியது ஒன்றுதான்: எந்தக் கூட்டம்?

மொழிபெயர்த்துக் கொடுத்தால் தீராதா? தீராது. எண்களை வரிசையாகச் சொல்லி, திருப்பிச் சொல்லச் சொல்லும் ஒரு சோதனை உண்டு. ஆங்கிலத்தில் ஒன்றிலிருந்து ஒன்பது வரை 'செவன்' மட்டும்தான் இரண்டு அசை. ஸ்பானியத்தில் ஊனோ, க்வாத்ரோ, சிங்கோ, சியேத்தே, ஓச்சோ, நுவேவே என ஆறு எண்களுக்கு இரண்டு அசை. நாக்கில் நீளுகிற சொல் நினைவிலும் கூட இடம் பிடிக்கும். நினைவில் குறை இல்லாதவருக்கும் மார்க்கு குறையும்.

டேவிட் வெக்ஸ்லர் 1955இல் வெளியிட்ட, வயதுவந்தோருக்கான அளவுகோலின் ஸ்பானிய வடிவம் 1968இல் வந்தது. 'எய்வா' என்று சுருக்கமாகச் சொல்வார்கள். போர்ட்டோ ரிக்கோ மக்களைச் சோதித்து வகுத்த மட்டம் அது. அதையே அமெரிக்க நகரங்களில் வாழும் மெக்சிகோக்காரருக்கும் மற்ற ஸ்பானிய மொழிக்காரருக்கும் போட்டார்கள். வெக்ஸ்லரின் அமெரிக்க மட்டத்தில் வருவதைவிட இதில் மார்க்கு வெகுவாக ஏறி நின்றது. 1991இல் ஸ்டீவன் லோப்பெஸும் டவுசிக்கும் ஸ்பானிய மொழி பேசும் முதியோரை ஆராய்ந்தார்கள். அமெரிக்க மட்டம் பாதிப்பைக் கூட்டிக் காட்டுகிறது, எய்வா குறைத்துக் காட்டுகிறது என்றார்கள். ஒண்ணு இல்லாத நோயை ஒட்டவைக்குது. இன்னொண்ணு இருக்கிற நோயை மறைக்குது.

மார்க்கு ஏறினால் நல்லதுதானே என்று நினைத்துவிடக் கூடாது. தலையில் அடிபட்ட ஒரு கூலித் தொழிலாளியைப் பார்த்து, "நீ நல்லாத்தான்யா இருக்கே" என்று சொல்லி உதவித்தொகையை மறுக்க அந்த மார்க்கே போதும். போர்ட்டோ ரிக்கோவில் இதன் புதிய வடிவம் 2008இல்தான் வந்தது. இடையில் 40 வருசம்.

மெக்சிகோவில் ஒஸ்த்ரோஸ்கி, அர்தீலா, ரொசெல்லி மூவரும் சேர்ந்து செய்த 'நியூரோப்சி' சோதனை 1999இல் வெளிவந்தது. 16 முதல் 85 வயது வரையுள்ள 800 பேரை வைத்து மட்டம் வகுத்தார்கள். கல்வியை நாலு படியாகப் பிரித்தார்கள். முதல் படி, பள்ளி வாசலையே மிதிக்காதவர்கள். எழுத்தறியாதவரையும் வாசகராக மதித்த பிரதி இது. அதற்கு என் வணக்கம். ஆனாலும் ஒரு கேள்வி பாக்கி இருக்கிறது. பள்ளி மறுக்கப்பட்டவளுக்கு இவ்வளவு மார்க்கு 'இயல்பு' என்று அட்டவணையில் எழுதிவிட்டால், மறுத்தவனை எந்தக் கட்டத்தில் எழுதுவது?

இந்தக் கேள்வி வெறும் வாதமில்லை. 2002இல் அட்கின்ஸ் வழக்கில், அறிவுத்திறன் குறைபாடுள்ளவருக்கு மரண தண்டனை நிறைவேற்றக் கூடாது என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதன்பின் 70ஐ ஒட்டிய மார்க்கு உயிர்க்கணக்காகிவிட்டது. உடனே சில மாநிலங்களில் அரசுத் தரப்பு நிபுணர்கள் ஒரு வாதத்தோடு வந்தார்கள்: இவர் கறுப்பர், அல்லது லத்தீன் அமெரிக்க வழிவந்தவர், இவங்க ஆளுங்களுக்கு மார்க்கு குறைச்சலாத்தான் வரும், அதனால சில புள்ளி கூட்டிப் போடணும். கூட்டினால் 70 தாண்டும். தாண்டினால் சாவு. சலுகைபோல வந்தது, கழுமரமாக நின்றது.

வெக்ஸ்லர் சோதனையின் மெக்சிகோ மட்டத்தை ஆராய்ந்த சுயனும் கிரீன்ஸ்பனும், மரண தண்டனை வழக்குகளில் அதைப் பயன்படுத்துவதில் கடுமையான சிக்கல்கள் உள்ளன என்று 2009இல் எழுதினார்கள். இன அடிப்படையில் மார்க்கைத் திருத்துவதற்கு எதிராக 2020இல் கலிஃபோர்னியா சட்டமே போட்டது.

தனி மட்டம் வேண்டும் என்று கேட்டது ஒடுக்கப்பட்டவர்கள்தான். அந்தக் கோரிக்கையை எடுத்தே எதிராளி கயிறு திரிக்கிறான். ஆகவே தனி மட்டத்தோடு நம் கேள்வி முடிந்துவிடக் கூடாது. யாரைச் சோதித்து வகுத்த மட்டம்? எந்த வருசம்? அவர்களில் பள்ளி போகாதவர் எத்தனை பேர்? இந்த மார்க்கு எந்த முடிவுக்குப் பயன்படப்போகிறது, சிகிச்சைக்கா, தண்டனைக்கா? இவற்றுக்குப் பதில் சொல்லாத எண்ணை எண்ணாகவே ஏற்கக் கூடாது. பதில் சொன்னாலும், ஒற்றை எண்ணை வைத்து ஒரு வாழ்க்கையைத் தீர்மானிக்கக் கூடாது. அந்த மனுசனோடு இருந்தவர்களிடம் போய்க் கேட்க வேண்டும்.

அம்மாச்சிக்கு மறதி இருந்தது உண்மை. உலை வைத்ததை மறந்தாள், கடைசி மகன் பேரை மறந்தாள். இதையெல்லாம் அந்த டாக்டர் என்னிடம் கேட்கவே இல்லை. அவர் கையில் இருந்த தாள் கண்டுபிடித்தது, அவள் பள்ளிக்கூடம் போகவில்லை என்பதைத்தான். அது எங்க தெருவுக்கே தெரியும்.