சேர்வியஸ் துல்லியஸின் சீர்திருத்தம்: லிவியின் சித்திரிப்புப் பற்றிய ஒரு நோக்கு

உரோமை ஆண்ட எழுவருள் ஆறாவது மன்னனாகக் கூறப்படுபவன் சேர்வியஸ் துல்லியஸ். மரபுவழிக் கணக்கின்படி அவனது ஆட்சிக்காலம் கி.மு. 578 முதல் 535 வரையாகும். சிறைப்பிடிக்கப்பட்ட பெண்ணொருத்தியின் மகனாக அரண்மனையில் வளர்ந்து அரியணையேறிய அவனே, முதன்முதலாகக் குடிசன மதிப்பு நடத்திக் குடிகளைச் சொத்தின் அடிப்படையில் வகுத்தவன் என லிவி தமது வரலாற்றின் முதல் நூலிற் கூறுகின்றார். பிறப்பினை விடுத்துச் சொத்தினை அளவுகோலாகக் கொண்ட இம்மாற்றத்தை மக்களாட்சியின் முதற்படி எனக் கருதுவாருமுளர். அக்கருத்து எத்துணை பொருந்தும் என்பது ஆராய்தற்குரியது.

மரபு கூறும் அமைப்பில் 193 நூற்றுவர் குழுக்கள் இருந்தன. குதிரைவீரர்க்கு 18, முதலாம் வகுப்பினர்க்கு 80, இரண்டாம், மூன்றாம், நான்காம் வகுப்பினர்க்கு இவ்விருபது, ஐந்தாம் வகுப்பினர்க்கு 30. எஞ்சிய ஐந்தும் கம்மியர், இசைக்கருவியாளர், சொத்தில்லாதார் ஆகியோர்க்குரியன. எண்ணிக்கையில் மிக்க சொத்தில்லாதார் அனைவர்க்கும் கிடைத்தது ஒரேயொரு குழுவேயாம். பெரும்பான்மைக்கு வேண்டியன 97 வாக்குகள். குதிரைவீரரும் முதலாம் வகுப்பினரும் ஒன்றுபடின் 98 வாக்குகள் சேர்ந்துவிடும். ஏனையோரை அழைக்க வேண்டிய தேவையே எழாது. எவரும் வாக்குரிமை இழந்தாரல்லர் எனினும் வலிமை முழுவதும் மேலோரிடமே தங்கியது என்பதை லிவி மறைத்தாரில்லை. இத்தெளிவு அவரது நூலின் சிறப்புகளுள் ஒன்றாகும்.

எனினும், பல நூற்றாண்டுகளின் வளர்ச்சியை ஒரு மன்னனின் ஒரே செயலாக அவர் காட்டுவது ஏற்புடையதன்று. வகுப்புகளின் சொத்தளவை அவர் செப்புக்காசுகளிற் கூறுகின்றார். முதலாம் வகுப்பினர்க்கு ஓரிலட்சம். ஆனால் உரோமில் நாணயம் வழக்கிற்கு வந்தது சேர்வியஸுக்கு இரு நூற்றாண்டுகளுக்குப் பின்னரேயாம். அவன் பெயரால் வழங்கும் மதிலின் எஞ்சிய பகுதிகளும் பெரும்பாலும் கி.மு. 4ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தன. கி.மு. 396இல் உரோமர் கைப்பற்றிய வேயி நகர்ப்புறக் கற்சுரங்கங்களின் கற்களே அவற்றிற் காணப்படுகின்றன.

மன்னனின் பிறப்பு வரலாறும் ஒருமுகமானதன்று. கி.பி. 48இல் குளோடியஸ் பேரரசர் மூதவையில் ஆற்றிய உரை, 1528இல் லியோன் நகரிற் கண்டெடுக்கப்பட்ட வெண்கலப் பட்டயத்திற் காணப்படுகின்றது. எத்ரஸ்கர் மரபில் இம்மன்னன் மஸ்தர்னா எனும் போர்த்தலைவனாக அறியப்பட்டான் என்கின்றது அது. 1857இல் வுல்சியிற் கண்டறியப்பட்ட கல்லறை ஓவியமொன்றிலும் அப்பெயருடைய வீரன் இடம்பெறுகின்றான். லிவியோ இம்மரபைக் குறிப்பிடவேயில்லை.

இவற்றை ஒருங்குவைத்து நோக்கின், தொடக்கத்திலே நிகழ்ந்தது அரசியற் சீர்திருத்தம் என்பதினும் படைச் சீர்திருத்தம் எனலே பொருந்தும். 'கிளாசிஸ்' என்னும் இலத்தீன் சொல் முதலில் முதலாம் வகுப்பினரை மட்டுமே குறித்தது. ஏனையோர் அதற்குக் கீழ்ப்பட்டோர் எனப்பட்டனர். எனவே, கவசமும் கேடயமும் ஈட்டியும் சொந்தச் செலவில் வாங்க வல்லாரை ஏனையோரினின்றும் பிரித்தலே ஆதி ஏற்பாடாக இருந்திருத்தல் கூடும். ஐந்து வகுப்புகளும் பின்னர் வளர்ந்தன எனக் கொள்ளலாம்.

ஆயின், சேர்வியஸை மக்களின் மன்னன் எனப் போற்றுதல் பிற்காலக் கனவேயாம். குலத்தின் தனியுரிமையை உடைத்த அளவுகோல் செல்வத்தின் தனியுரிமையை நிறுவிற்று. வாக்குரிமை அனைவர்க்கும் உண்டா என்பதோடு நில்லாது, வாக்குகள் எவ்வாறு எண்ணப்படுகின்றன என்பதையும் வினவ வேண்டும் என்பதே இவ்வமைப்பு உணர்த்தும் உண்மையாகும்.